பனியனுக்கு ஒரு ஸ்வெட்டர்

அக்னி நட்சத்திரம் பிறந்து, தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானத்தில், செம்மண் நிறத்து நாய் ஒன்று யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் சுண்ணாம்புக் காளவாய்த் தெருவுக்குள் நடந்து வந்தது. அது கடந்து வந்த வாசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன, வேர்க்குருவுக்கு அழுதுகொண்டிருந்த குழந்தைகள் அழுகையை மறந்தன, மோர்ப்பானையை மூடியிருந்த தட்டில் முத்து முத்தாக நீர் பூத்தது. தெருவின் நடுப்பகுதியில், தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சர்ச்சில் பீடத்துக்கு விரிக்கும் துணியின் ஓரத்துக்குக் குரோஷா லேஸ் பின்னிக்கொண்டிருந்த தபிதாவின் விரல்களுக்கு நடுவே, காலையிலிருந்து வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்த கொக்கி ஊசி திடீரென்று சில்லென்று ஆனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாய் அவளைத் தாண்டிப் போய், அவள் புருஷன் ஞானமுத்துவின் இஸ்திரி வண்டிக்கு அடியில் நுழைந்து, கரிச்சாம்பல் கொட்டிக் கிடந்த மூலையில் சுருண்டு படுத்தது.

"வெயிலுக்கு ஒதுங்குது, பாவம்" என்றாள் தபிதா.

சட்டை மேல் பெட்டியை வைக்கப்போன ஞானமுத்து, தூக்கிய கையோடு அப்படியே நின்றான். "இன்னாமே இது, பெரிய ஜவுளிக்கடைக் கதவத் தொறந்தாப்புல காத்து வருது?" என்றான்.

அந்தத் தெருவுக்கு வெயில் புதிதல்ல. ஊரின் இரண்டு பக்கமும் ஒரு புல்கூட முளைக்காத பாறைமலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது போனதும் அதைத் தெருவுக்குள் ஊதிவிடும். எப்போதோ அங்கே சுண்ணாம்பு சுட்ட காளவாய் ஒன்று இருந்ததாம், அதை இடித்து எத்தனையோ காலம் ஆகியும் அதன் சூடு மண்ணுக்குள் இன்னும் ஆறவில்லை என்று அங்கே பிறந்தவர்கள் சொல்வார்கள். போன வருஷம் இதே கத்திரியில்தான், கரி கனன்றுகொண்டிருந்த பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஞானமுத்து நின்ற இடத்தில் சரிந்து விழுந்தான். பெட்டி அவன் நெஞ்சோரம் பட்டு, தோலில் ஒரு படகு மாதிரி தழும்பு நின்றுவிட்டது. இனிமேல் கோடையில் நெருப்புக்கிட்டே நிற்காதே என்று டாக்டர் சொல்லியனுப்பினார். நின்றுதான் ஆகவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்ததால் அதைப்பற்றி வீட்டில் பேச்சில்லை. ஆனால் இந்த வருஷம் கத்திரி நெருங்க நெருங்க, தபிதா கண்ணிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அவன் பெட்டியைத் தூக்கி வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னினாள். சத்தம் நின்றால் அவள் ஊசியும் நின்றது.

குளிர்ச்சி அந்த நாயிடமிருந்துதான் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. அது எழுந்து நடந்தால் குளிர்ச்சியும் எழுந்து நடந்தது, அது படுத்தால் குளிர்ச்சியும் படுத்தது, அவ்வளவுதான். தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குப் பழகுவதுபோல் தெரு அதற்குப் பழகிக்கொண்டது. சாப்பாடு ஆனதும் பாயும் தலையணையுமாக ஆட்கள் நாய் இருக்கும் பக்கம் வந்து படுத்தார்கள்; மீன்காரி அஞ்சலை ஐஸ் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு வெறும் கூடையோடு வந்து அதன் பக்கத்தில் கடை விரித்தாள், சாயங்காலம் வரைக்கும் சங்கரா மீனின் கண் மங்கவில்லை; சோடாக்கடை ஜலால் காலையில் கடை திறந்ததும் பாட்டில்களைக் கோணியில் சுற்றி அதன் முதுகுக்கு அணைவாக அடுக்கி வைத்தான்; காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொண்டுவந்து அதன் வயிற்றோரம் கொஞ்ச நேரம் கிடத்தினால் அனல் இறங்கியது; கல்யாண வீட்டுக்காரர்கள், முகூர்த்தப் பூ வாடாமல் இருக்க அதை ஒரு பகல் பந்தலில் கட்டிவைத்துக்கொள்ளலாமா என்று தட்டில் பழத்தோடு கேட்டு வந்தார்கள். அடுத்த தெருக்காரர்களும் வந்து உரிமை கொண்டாடத் தொடங்கியபோதுதான், தெருச் சங்கத் தலைவர் ஏகாம்பரம் முறை வைத்தார். அவர் மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். எது பற்றாக்குறையோ அதை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவர். காலையில் மேலண்டை வீடுகள், மத்தியானம் இஸ்திரி வண்டிப் பக்கம், சாயங்காலம் கீழண்டை வீடுகள் என்றார் அவர். நாய் முறை தவறவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போனது, போட்ட பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டது, யார் வேண்டுமானாலும் தலை சாய்த்துக்கொள்ள முதுகைக் கொடுத்தது. கத்திரி நடுவில் தெருவில் தும்மல் பரவியது. வைகாசியில் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்த தெரு எங்கள் தெருதான் என்று அதையும் அவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

பனி மாதிரி இருப்பதால் அதற்குப் பனியன் என்று ஜலால் பெயர் வைத்தான். பேரைக் கேட்டுச் சிரித்தவர்களும் இரண்டாம் நாள் அப்படியே கூப்பிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆளுக்கொரு கதை இருந்தது: மூடிப்போன ஐஸ் கம்பெனியில் பிறந்து வளர்ந்தது என்றார்கள் சிலர், பட்டாளத்துக்காரர் ஒருவர் வடக்கே பனிமலையிலிருந்து ரயிலில் கொண்டுவந்து இங்கே தொலைத்துவிட்டார் என்றார்கள் சிலர். எந்தக் கதையையும் யாரும் மறுக்கவில்லை. எல்லாக் கதைக்கும் ஒரே நாய் போதுமானதாக இருந்தது.

ஞானமுத்து தேறினான். மத்தியான நேரத்தில் நாய் அவன் வண்டிக்கு அடியிலேயே கிடந்ததால், அவன் கழுத்தில் போட்டிருந்த துண்டு நனையாமல் அப்படியே இருந்தது. இரண்டு கைச்சோறு கூடச் சாப்பிட்டான். துணியை நீவும்போது பழையபடி வாய்க்குள் ஏதோ முனகிப் பாடினான். "அதுக்கு எம்மேல ஒரு இது" என்று அவன் சொல்லும்போது தபிதாவுக்குச் சிரிப்பு வரும். அவள் பின்னிய லேஸ் வேகமாக நீண்டது.

ஒரு நாள் அவன் பெட்டியைக் கவிழ்த்துச் சாம்பலைத் தட்டிவிட்டு, கரி வாங்கப் போயிருந்தான். சாம்பலுக்குள் இன்னும் சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்த நாய் எழுந்து, அந்தத் தணலைச் சுற்றி ஒரு முறை வந்து, அதன் மேலேயே மெல்ல உட்கார்ந்தது. மயிர் கருகும் நாற்றம் வந்ததும்தான் தபிதா லேஸைப் போட்டுவிட்டு ஓடினாள். அதைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஒட்டிய தணலைக் கையால் தட்டிவிட்டாள். அப்போதுதான் அவள் முதல் தடவையாக அதை அணைத்துப் பிடித்தாள். வெளியே பார்த்தால் அசையாமல் நிற்கிற நாய், உள்ளே, தையல் மெஷின் ஓடும்போது மேஜை அதிர்வதுபோல் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பற்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சின்னச் சத்தம் கேட்டது. அவள் விட்டதும் அது மறுபடியும் தணலைப் பார்த்துத்தான் திரும்பியது.

ஞானமுத்து கரி மூட்டையோடு வந்தான்.

"ஏங்க," என்றாள் தபிதா, "அதுக்குக் குளிருது."

"நாயிக்கா? இந்தக் கத்திரியிலயா?"

"நம்ம மேல ஆசைப்பட்டு வரல அது. நெருப்புக்கு வந்துகினு இருக்கு. தொட்டுப் பாருங்க."

ஞானமுத்து தொடவில்லை. பெட்டிக்குள் கரியை அடுக்கி, நெருப்புப் போட்டு, பனைமட்டையால் விசிறினான். விசிறுகிற கை மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

தபிதா மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட குரோஷாவில் தொட்டில் வலையும், டிவி மேல் போடும் விரிப்பும், பீடத் துணியும் பின்னியிருக்கிறாளே தவிர, உடம்புக்குச் சூடு தருகிற எதையும் அவள் பின்னியதில்லை, அந்த ஊரில் யாரும் அதைக் கேட்டதுமில்லை. முதலில் கையிலிருந்த பருத்தி நூலிலேயே ஒரு சட்டை பின்னிப் போட்டுப் பார்த்தாள். நாயின் உடம்பில் பட்டதும் அது அப்பளம் போல விறைத்து, நாய் நடந்ததும் மடமடவென்று முறிந்து விழுந்தது. அப்புறம் பஜாரில் நூல்கடைக்குப் போய் உல்லன் கேட்டாள். கடைக்காரர் மேலே பரணில் இருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கி மிஞ்சிய கிளிப்பச்சை உருண்டைகளை எடுத்துத் தூசி தட்டி, "ஊட்டிக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றார். இருந்தது அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

அவள் பனியனை வாசலில் நிறுத்தி, கழுத்தையும் மார்பையும் முதுகையும் சாணால் அளந்தாள்; அளந்த கை மரத்துப்போய், சுடுதண்ணீரில் வைத்த பிறகுதான் ஊசியைப் பிடிக்க முடிந்தது. கழுத்திலிருந்து தொடங்கினாள். ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று கண்ணி கூட்டி, முன்னங்கால் இரண்டுக்கும் துளை விட்டு, மார்பை மூடி, முதுகுப் பக்கம் பட்டன் போடும்படி திறந்து விட்டு, கீழே கீழே இறக்கினாள். கம்பளி நூல் மடியில் கிடந்து தொடையெல்லாம் வேர்த்தது. வேர்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆருக்கு யக்கா இது?" என்றாள் அஞ்சலை, கூடையை இறக்கி வைத்துவிட்டு.

"பனியனுக்கு."

"பனியனுக்கு ஸ்வெட்டரா!" அஞ்சலையின் சிரிப்பு தெருவின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஜலால் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தான். "அக்கா, வயித்தாண்ட தாராளமா வுட்டுடு. ஆம்பள நாயி, கால தூக்கறப்ப நனைச்சிக்கும்" என்றான். அது சரியான யோசனையாக இருந்ததால் தபிதா இரண்டு சுற்றைப் பிரித்து மறுபடி போட்டாள். நாய்க்குக் கழுத்துப் பட்டி வைக்கலாமா, மார்பில் பூப் போடலாமா என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் யாரோ ஒருவர், போர்த்திவிட்டால் குளிர்ச்சி எப்படி வெளியே வரும் என்று கேட்டார்.

மறுநாள் ஏகாம்பரம் வந்தார். வந்தவர் நிற்காமல் படியிலேயே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் கைவேலைக்கு நான் குறை சொல்லல. இத்தப் போட்டா குளிர்ச்சி நின்னுடும், இல்ல?"

"நின்னுடும்ணா."

"தெரிஞ்சேதான் பின்றியா?"

"அதுக்குக் குளிருதுண்ணா. பல்லு தட்டறது கேக்குது."

ஏகாம்பரம் வண்டிப் பக்கம் பார்த்தார். "எதிர் வீட்டுல கைக்கொழந்தை கீது. உடம்பெல்லாம் கொப்புளமா இருந்தது இப்பதான் காய்ஞ்சிருக்கு. போன வருஷம் உன் வீட்டுக்காரன் விழுந்தப்ப ஆட்டோவுல தூக்கிப் போட்டது நானு. நான் ஒன்னும் வேணாங்கல. மழை எறங்கட்டும். ஆடி பொறக்கட்டும். நானே அதுக்கு மாலை போட்டு இத்த மாட்டறேன்."

"ஆடி வரைக்கும் அது இருக்காதுண்ணா. ஒரு வாய் உள்ள போவல. வெறும் எலும்பா கீது."

"ஒரு நாயி" என்றார் அவர். சொல்லிவிட்டு, அது தன் வாயிலிருந்து வந்தது பிடிக்காதவர்போல் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "தெருவுல இத்தினி பேரு."

"விழுந்தா மொதல்ல விழுவறது என் வீட்டுக்காரர்தான்னு எனக்கும் தெரியும்ணா" என்றாள் தபிதா. குரல் உயரவில்லை. ஏகாம்பரம் எழுந்து போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பச்சை நூல் தீர்ந்தது. நாயின் மார்பு வரைக்கும்தான் வந்திருந்தது. முதுகும் விலாவும் மூடவில்லை. தபிதா ஊசியைக் கூடைக்குள் போட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. நூல் இல்லை, அவள் என்ன செய்வாள். நாய் மத்தியானங்களில் வண்டிக்கு அடியில் கிடந்தது, ஞானமுத்து வேர்க்காமல் துணி தேய்த்தான், பாதிப் பின்னல் கூடைக்குள் கிடந்தது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் எதைக் கேட்பதென்று தெரியாமல் எழுந்துவிட்டாள்.

ஞானமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு மத்தியானம், கையில் துணி ஒன்றும் இல்லாத நேரத்தில், வண்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து நாயின் விலாவில் கையை வைத்தான். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிப்போன கை அது, அதில் நெருப்பே சீக்கிரம் ஏறாது. அந்தக் கையை அவன் எடுக்கவில்லை. நாயின் அதிர்வு அவன் தோள் வரைக்கும் ஏறி, அவன் தலையும் லேசாக ஆடியதை வாசலிலிருந்து தபிதா பார்த்தாள். பிறகு அவன் எழுந்து, மரத்துப்போன கையை உதறிக்கொண்டே வீட்டுக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தான். வாலிபத்தில் பெங்களூரில் ஒரு லாண்டரியில் வேலை பார்த்தபோது வாங்கிய ஊதா ஸ்வெட்டர் ஒன்று, ரசகற்பூர உருண்டை வாசனையோடு அதற்குள் இருந்தது. அதைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான்.

"இத்தப் பிரி."

"உங்களுக்கு?"

"எனக்கெதுக்குமே இந்த ஊர்ல ஸ்வெட்டரு?"

"நான் அத்தக் கேக்கல."

"தெரியுது" என்றான் ஞானமுத்து. "பிரி."

அவள் தையலை அறுத்து நூலின் நுனியைத் தேடி எடுத்தாள். அவன் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டான். ஸ்வெட்டர் வரிசை வரிசையாகக் குறைய, அவன் கைகளுக்கு நடுவே ஊதா நூல் சுற்றிச் சுற்றி ஏறியது. கடைசியில் கழுத்துப் பட்டியும் பிரிந்தபோது, "இது போட்டுக்கினுதான் உன்னப் பொண்ணு பாக்க வந்தேன்" என்றான். "ஞாபகம் கீது. ஊத்திக்கினு இருந்துச்சி வேர்வை" என்றாள் அவள்.

முன்பக்கம் கிளிப்பச்சையும் பின்பக்கம் ஊதாவுமாக அது முடிந்தது. தேய்க்க வந்த சட்டைகளிலிருந்து உதிர்ந்து, யாரும் கேட்டு வராத பட்டன்கள் ஒரு டப்பா நிறைய ஞானமுத்துவிடம் இருந்தன. அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றைப் பொறுக்கி முதுகோரம் தைத்தாள். அவன் அந்தச் சின்ன ஸ்வெட்டரை வண்டிப் பலகையில் விரித்து, மேலே ஈரத் துணி போட்டு, பெட்டியால் இரண்டு பக்கமும் ஒற்றி ஒற்றி எடுத்து, ஆவி பறக்க நீட்டினான். "சூடு ஆறுறதுக்குள்ள மாட்டு."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. கால்களை நுழைத்து, பட்டன்களைப் பூட்டியதும், பனியன் அப்படியே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அதன் முதுகில் ஒரு கடைசி நடுக்கம் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஓடி முடிந்தது. பிறகு அது பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு கால்களையும் நீட்டி, நடுத்தெருவில் படுத்துத் தூங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டது. வெயில், வெளியூர் போயிருந்த வீட்டுக்காரன் சாவியோடு திரும்பி வருவதுபோல், தெருவுக்குள் வந்து ஒவ்வொரு வீடாகத் திறந்து உள்ளே போனது. ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த நாட்கள் தபிதாவுக்குச் சுலபமாக இல்லை. அஞ்சலை ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அவளைப் பார்க்காமல் போனாள். ஜலால் சோடா உடைத்துக் கொடுத்தான், பேசவில்லை. எதிர் வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை பகலெல்லாம் கேட்டது. குழந்தை தன்னிடம் கேட்டுத்தான் அழுவதாக அவளுக்குத் தோன்றியது. பனியன் மட்டும் வீடு வீடாகப் போய்ச் சோறு தின்றது. அதன் விலா எலும்புகள் மறைந்தன. வெயிலில் தூங்கியது, நிழலில் தூங்கியது, தூக்கத்தில் எதையோ துரத்திக்கொண்டு ஓடுவதுபோல் கால்களை உதைத்தது; கோபமாக இருந்தவர்களும் அதைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஞானமுத்து தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். தபிதா மறுபடியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னினாள். ஒரு மத்தியானம் சத்தம் நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தும் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவன் தலையை மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஜலால் ஓடிவந்தான். கதவுகள் திறந்தன. அப்போது அவள் பிடரியில் குளிர்ந்த காற்று ஒன்று வந்து தொட்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஞானமுத்துவின் கண் இமை அசைந்தது.

திரும்பிப் பார்த்தாள். நடுத்தெருவில் பனியன் வெறும் உடம்போடு நின்றிருந்தது. அதற்குப் பின்னால் அஞ்சலை, மார்போடு ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் விழுந்துடுச்சே யக்கா," என்றாள், அழுகிற மாதிரி, "அதான் கழட்டினேன்."

நாய் நடந்து வந்து ஞானமுத்துவின் கால்பக்கம் படுத்தது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. இன்னும் கொஞ்சம், என்று தபிதா மனசுக்குள் சொன்னாள், இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் போட்டுவிடலாம். அப்படிச் சொல்லும்போதே அவளுக்குப் பல் தட்டுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு மட்டுமல்ல. எதிர் வீட்டுக்காரி குழந்தையோடு படியில் நின்றாள், குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. ஆனால் அவள் கீழே இறங்கி வரவில்லை. யாரும் பாயைக் கொண்டுவரவில்லை. இதே நாய் இதே மாதிரி நடுங்கியதை, அதன் முதுகில் தலை சாய்த்தபோது அவர்கள் முன்பும் உணர்ந்தவர்கள்தான், நாய் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டவர்கள்தான். இப்போது நடுவில் அது தூங்கியதைப் பார்த்துவிட்டார்கள். காற்று அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் நிற்க யாருக்கும் கால் வரவில்லை.

ஞானமுத்து கண்ணைத் திறந்து காலடியில் பார்த்தான். "ஆரு கழட்டுனது?"

"நான்தாண்ணா."

"விழுந்தேன். எழுந்துட்டேன். போட்டு வுடு அஞ்சல."

அஞ்சலை மண்டியிட்டு அதன் கால்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள். பட்டன் போட விரல் வரவில்லை, விறைத்த கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, "எவ்ளோ குளுரு யக்கா இதுக்கு," என்றாள், "எவ்ளோ குளுரு!" தபிதா புருஷனின் தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் மிச்சப் பட்டன்களைப் பூட்டினாள். வெயில் திரும்பி வந்தது. இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

சுவரோரம் நின்றிருந்த ஏகாம்பரம் தன் வீட்டுப் பக்கம் போனார். அவர் வீட்டு முன்னால் நின்ற வேப்பமரம்தான் அந்தத் தெருவிலேயே முழு நிழல் தருகிற மரம். அதன் அடியில் அவர் ஸ்கூட்டர் நிற்கும், வேறு ஒரு சைக்கிளைக்கூட அவர் அங்கே சாத்தவிட்டதில்லை. ஸ்டாண்டை எடுத்து ஸ்கூட்டரை வெயிலில் தள்ளி நிறுத்திவிட்டு, "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க, வண்டியத் தள்ளுங்க" என்றார். நான்கைந்து பேர் சேர்ந்து இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினார்கள். ஜலால் கோணிகளை நனைத்துக் கொண்டுவந்து கொம்பு நட்டு மூன்று பக்கமும் தொங்கவிட்டான். மிஞ்சிய ஈரக் கோணியை எதிர் வீட்டு ஜன்னலிலும் கட்டினான். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் ஞானமுத்து பெட்டியைத் தொடவேண்டும், நடுவில் யாரும் துணி கொடுக்கக்கூடாது என்று ஏகாம்பரம் முறை வைத்தார். அந்தக் கோடையில் சுண்ணாம்புக் காளவாய்த் தெருக்காரர்கள் கசங்கிய சட்டையோடுதான் ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள். கேட்டவர்களிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நீண்ட கதை.

கத்திரி முடிகிற சமயத்தில், காற்றே இல்லாத ஒரு சாயங்காலம், தபிதா வேப்பமரத்தடியில் பீடத் துணியின் கடைசி மூலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஞானமுத்து பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பனியன் எழுந்து வந்து, கழுத்தை அவள் முழங்காலில் தேய்த்தது. நாக்கை ஒரு முழத்துக்குத் தொங்கப்போட்டு, ஹா ஹா என்று மூச்சிரைத்தது. அவள் அதன் காதைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள், பிறகு பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கரி போடுகிற சத்தம் நின்றது, விசிறி நின்றது, ஜலால் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான், ஐஸ் பெட்டியோடு போய்க்கொண்டிருந்த அஞ்சலை நின்றாள். ஸ்வெட்டர் கழன்று கீழே விழுந்தது.

ஒன்றும் வரவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. நாய் உடம்பை உதறிக்கொண்டது, அவ்வளவுதான்.

"இன்னாமே?" என்றான் ஞானமுத்து.

"சுடுதுங்க" என்றாள் தபிதா. கையை அதன் வயிற்றிலேயே வைத்திருந்தாள். "நல்லா சுடுது."

பனியன் ஏகாம்பரத்தின் நாற்காலிக்கு அடியில் போய், மண்ணைக் கால்களால் பறித்து, குளிர்ச்சியான இடம் தேடிப் படுத்தது. நாக்கு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விசிறியை ஒரு தடவை தன் பக்கமும், ஒரு தடவை அதன் பக்கமுமாக வீசத் தொடங்கினார்.